சாயங்கால ப்ரொஜெக்டர்

என் குரல் போன அன்று எங்கள் தீவில் மின்னி பே பகுதி முழுக்க நிம்மதியாகத் தூங்கியது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் மனுஷன். பகல் முழுக்க ஊராரிடம் ஏச்சு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் என்னிடமும் வாங்க வேண்டும். அதில் ஒன்று குறைந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இருக்கட்டும், அவரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

நான் மங்கையர்க்கரசி. மின்னி பே தமிழர் நலச் சங்கம் நடத்தும் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் உயிரியல் எடுக்கிறேன். மாடியில் நான் பாடம் நடத்தினால் கீழே கணக்கு வகுப்பில் இருக்கிறவனுக்கும் மண்புழுவின் குடல் மனப்பாடம் ஆகிவிடும். கணக்கு வாத்தியார் இதுபற்றி இருமுறை புகார் கொடுத்தார். அவர் புகார் கொடுத்ததையும் நான் மாடியிலிருந்தே விமர்சித்தேன்.

அந்தக் குரல் டிசம்பரில் கரகரத்தது. பொங்கலுக்குள் வெறும் காற்றாகிவிட்டது. பெங்காலி டாக்டரம்மா ஒருத்தர் மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார். செருப்புக் கடித்த காலில் காய்ப்பு விழுவதைப்போல என் குரல் நாண்களில் காய்ப்பு விழுந்திருக்கிறதாம்.

"மேடம், சில்லானா பில்குல் பந்த்" என்றார். கத்துவது அடியோடு நிறுத்தம். பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கும் அளவு மெல்லப் பேசலாம், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. மீறினால் ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் பிறகு பழைய குரல் வருமா என்று கேட்டேன். அவர் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடி போட்டார். பதில் அவ்வளவுதான்.

ஹெட்மாஸ்டர் சுந்தரம் நல்ல மனிதர். கொசுவை அடிப்பதற்கு முன்பும் அதனிடம் மன்னிப்புக் கேட்பார் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. அவர் என்னை அழைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டீச்சர், இந்த வருஷம் எப்படியாவது ஓட்டிடுங்க. அடுத்த வருஷத்துலேர்ந்து நீங்க லைப்ரரி பார்த்துக்கோங்க. ஆராமா, ஓய்வா இருக்கும்."

எங்கள் லைப்ரரி என்பது இரண்டு பீரோவும் ஒரு பல்லியும். ஒரு பீரோவுக்குச் சாவி இல்லை. அந்தப் பல்லியோடு என் மிச்ச வருஷங்களைக் கழிப்பதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் தொண்டை வேண்டுமே, அதனால் கண்ணில் மட்டும் வந்தது.

பிள்ளைகளை உயிராக நேசிக்கும் ஆசிரியை என்று என்னை யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பாதிப் பேரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் வரைந்து, ரத்தம் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று சொல்லிக்கொண்டு வரும்போது, கடைசி பெஞ்சில் ஒருத்தன் தன்னை அறியாமல் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பான். எல்லா வருஷமும் ஒருத்தனாவது பார்ப்பான். அந்தக் கைக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். அதைப் பல்லிக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

"சார், ஒரு ப்ரொஜெக்டர் வாங்கித் தரச் சொல்லுங்க" என்றேன், பக்கத்து நாற்காலி அளவில். "படம் சுவர்ல பெருசாத் தெரிஞ்சா நான் பேச வேண்டியது கால்வாசிதான். குரலும் பிழைச்சுக்கும், நானும் வகுப்புல இருப்பேன்."

சுந்தரம் சாருக்கு என் மேல் பிரியம் உண்டு. பயந்துகொண்டே போய்ச் சங்கத் தலைவரிடம் சொன்னார். தலைவர் உடனே சரி என்றுவிட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தலைவர் பக்தவத்சலம் கான்ட்ராக்டர். கடலூர்ப் பக்கத்திலிருந்து வாலிபத்தில் கப்பலேறி வந்தவர். இந்தத் தீவுகளில் அவர் கட்டிய சுவர்களும் நிறைய, அவற்றில் விழுந்த விரிசல்களும் நிறைய. இப்போது நீல் தீவில் ஒரு லாட்ஜ் கட்டி முடித்திருந்தார். சென்னையிலிருந்து டூர் கம்பெனிக்காரர்களை வரவழைத்து, படம் காட்டி, கூட்டம் கூட்டமாக ஆட்களை அந்த லாட்ஜுக்கு அனுப்ப வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதற்கு அவருக்கும் ப்ரொஜெக்டர் தேவைப்பட்டது.

"தேக்கோ சுந்தரம், காலைல ஸ்கூல், சாயங்காலம் பிசினஸ். ஒரே மிஷின், ரெண்டு வேலை!" என்றாராம். அவர் பேசினால் ஜல்லி கலக்கும் எந்திரம் ஓடுகிற மாதிரி இருக்கும். என் பழைய குரலுக்கு இந்த ஊரில் ஒரே போட்டி அவர்தான்.

மிஷினைத் தேர்ந்தெடுக்கக் கமிட்டி போட்டார்கள். தலைவர், நான்கு கடைக்காரர்கள், ஹெட்மாஸ்டர், நான். கூட்டம் எப்போது? வேறு எப்போது, சாயங்காலம்தான்.

இங்கேதான் எங்கள் ஊர் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தீவுகளில் கடிகாரம் டெல்லியுடையது, சூரியன் எங்களுடையது. மெயின்லேண்டில் ஜனங்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் இங்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆபீஸ் விட்டு ஆட்கள் வீடு போய்ச் சேருவதற்குள் சூரியன் கடையைக் கட்டிவிடும். ஆனால் சங்கமோ, கோயில் கமிட்டியோ, கல்யாணப் பேச்சோ, எல்லாவற்றையும் ஆபீஸ் விட்ட பிறகுதான் வைப்பார்கள். அதனால் எங்கள் ஊரின் முக்கியமான முடிவுகள் எல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. பல முடிவுகளைப் பார்த்தாலே அது தெரியும்.

பள்ளி ஹாலில்தான் டெமோ. காலையில் அதே ஹாலில்தான் என் பத்தாம் வகுப்பு நடக்கிறது. கிழக்குப் பக்கம் வரிசையாக ஜன்னல்கள், கண்ணாடியும் இல்லை கதவும் இல்லை, கம்பி மட்டும். காற்று வரட்டும் என்று யாரோ புண்ணியவான் கட்டியது. எதிர்ச் சுவர்தான் திரை.

டீலர் பிரவீன்குமார் இரண்டு மிஷின்களோடு வந்தான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பையன். முதல் மிஷின் பெரியது, வெள்ளை, பார்ப்பதற்கு அரிசிப் பானை மூடி மாதிரி மந்தமாக இருந்தது. இரண்டாவது உள்ளங்கையில் அடங்கும். உருண்டை, ஓரத்தில் நீல விளக்கு, தானாகவே தலையை ஆட்டும்.

நான் இதைப்பற்றிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பேச முடியாதவளுக்குப் படிக்க நேரம் நிறையக் கிடைக்கிறது. ப்ரொஜெக்டரில் பார்க்க வேண்டிய முதல் சங்கதி, எவ்வளவு வெளிச்சம் உமிழ்கிறது என்பது. அதை லூமன்ஸ் என்று அளக்கிறார்கள். வெளிச்சமான அறைக்கு அது நிறைய வேண்டும், இருட்டறைக்குக் கொஞ்சம் போதும். முறைப்படி சோதித்து அளந்த கணக்கு ஒன்று, விற்பவன் பெட்டி மேல் அச்சடிக்கும் கணக்கு ஒன்று. பெட்டிக் கணக்கை நம்புவதும் கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளை உயரத்தை நம்புவதும் ஒன்றுதான். பெரிய மிஷினுக்கு நாலாயிரம், சோதித்தது. குட்டி மிஷினின் பெட்டியில் பன்னிரண்டாயிரம் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. சோதித்த கணக்கு எவ்வளவு என்று தேடினால் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

விளக்கை அணைத்தார்கள். வெளியே கும்மிருட்டு. பெரிய மிஷின் படம் காட்டியது, நன்றாக இருந்தது. குட்டி மிஷின் படம் காட்டியது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இருட்டில் தீக்குச்சி கிழித்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

"இதுக்கு லேப்டாப்பே வேண்டாம் சார், பென்டிரைவைச் சொருகினாப் போதும்" என்றான் பிரவீன்குமார். "ப்ளூடூத் இருக்கு. ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கு. மைக் ஃப்ரீ. கேரியோகே பாடலாம்."

கமிட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. கிரிக்கெட் போட்டார்கள். கடைக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாண வீடியோவைப் போடச் சொன்னார். இன்னொருவர் மைக்கைப் பிடித்துப் பாடினார். அவர் பாடியதைப்பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவர் கடையில்தான் எங்களுக்கு மளிகை.

நான் பக்கத்தில் இருந்த சுந்தரம் சாரின் கையைச் சுரண்டினேன். "சார், பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்துல, ரெண்டாவது பீரியட்ல போட்டுப் பார்க்கணும். இப்ப பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தக் குட்டி மிஷின் காலைல தெரியவே தெரியாது. சொல்லுங்க."

சுந்தரம் சார் எழுந்தார். தலைவரைப் பார்த்தார். தலைவர் அவரைப் பார்த்தார்.

"டீச்சர் என்ன சொல்றாங்கன்னா" என்று தொண்டையைக் கனைத்தார் சார், "ரெண்டுமே நல்லா இருக்காம்."

உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் காதுவரை சூடேறியது. டாக்டரம்மாவை மறந்துவிட்டு எழுந்து, "காலைல!" என்று கத்தினேன். கத்தியதாக நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தது கதவுக் கீல் முனகல். கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேரின் பிள்ளைகளை என் குரலால்தான் நான் பாஸ் ஆக வைத்திருந்தேன்.

"டீச்சருக்கும் பிடிச்சிருக்கு, பேச்சுதான் வரல" என்றார் தலைவர். "சலேகா, இது ஓடும். சின்னதே போதும். விலையும் கம்மி, நாளைக்கு நம்ம கூட்டத்துக்கும் தூக்கிட்டுப் போகலாம். எல்லாரும் கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். சுந்தரம் சார் பாதிக் கை தூக்கினார். அதையும் எண்ணிக்கொண்டார்கள்.

மறுவாரம் இரண்டாவது பீரியடில் குட்டி மிஷினை மேஜை மேல் வைத்து, இதயத்தின் படத்தைப் போட்டேன். மிஷின் தலையை ஆட்டியது, நீல விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. சுவரில் ஒன்றுமில்லை. கிழக்கு வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மட்டும் அழகாகப் போட்டுக் காட்டியது.

"டீச்சர், ஆன் பண்ணலியா?" என்றாள் முன் பெஞ்சுக்காரி.

"பண்ணியாச்சு."

"குச் நஹி திக்தா, டீச்சர்."

எனக்கும்தான் ஒன்றும் தெரியவில்லை. சுவரை ஒட்டிப் போய் நின்று உற்றுப் பார்த்தால் சுண்ணாம்பின் மேல் லேசாக ஒரு சிவப்பு. பழைய வெற்றிலைக் கறை என்று நினைத்திருப்பேன்.

பிரவீன்குமாருக்கு போன் போட்டேன்.

"மேம், அது சாயங்காலம் சூப்பரா தெரியும்."

"நான் சாயங்காலம் பாடம் எடுக்கறதில்லை."

"அப்போ ஜன்னலை மூடுங்க மேம், சிம்பிள்."

கதவே இல்லாத ஜன்னலை எதை வைத்து மூடுவது? தலைவரின் கட்டட வேலையிலிருந்து நீலத் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து கட்டினார்கள். வெயில் தார்ப்பாய் வழியாக இறங்கி ஹால் முழுக்க நீலமாகியது. இதயம் இப்போது தெரிந்தது, நீல நிறத்தில். பிள்ளைகளும் நீலமாக இருந்தார்கள். காற்று நின்றுபோனதால் உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆவி. கால் மணி நேரத்தில் பாதி வகுப்பு தூங்கியது, மீதி வகுப்பு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவனை எழுப்ப நான் சத்தம் போட வேண்டியிருந்தது. எந்தச் சத்தத்தைச் சேமிக்க மிஷின் கேட்டேனோ அதை மிஷினுக்காகவே செலவழித்தேன்.

டாக்டரம்மா மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். இந்த முறை கோபத்தில் அவருக்கு ஹிந்தி போய் பெங்காலி வந்துவிட்டது. புரிந்தது இதுதான்: இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கத்திதான் வழி.

சாயங்காலம் நேரே தலைவரிடம் போனேன். ஹாலில் கணக்கர்களோடு உட்கார்ந்திருந்தார். மிஷின் காலையில் தெரியவில்லை என்றேன். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நான் பேசுகிறேன் என்பதே அவருக்குத் தெரிந்தது.

"தெரியலையா?" என்று மிஷினைப் போட்டார். சுவரில் என் இதயம் செக்கச்செவேலென்று துடித்தது. "க்யா டீச்சர், பளிச்சுன்னு இருக்கே!"

வெளியே இருட்டிவிட்டிருந்தது. அந்த மனுஷன் அந்த ஹாலைக் காலையில் பார்த்ததே இல்லை. சங்கம் என்றால் அவருக்குச் சாயங்காலம். காலை என்பது கூலியாட்களுக்காகக் கடவுள் படைத்தது என்பது அவருடைய எண்ணம்.

"அது கிடக்கட்டும்" என்றார். "சென்னை பார்ட்டி வருது. நம்ம லாட்ஜுக்கு ஸ்லைடு பண்ணணும். உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் வருமே. பேச்சும் கம்மி ஆயிடுச்சு, டைம் இருக்கும். எழுத்தே வேண்டாம், படமாப் போடுங்க. யார் உட்கார்ந்து படிக்கிறது?"

குரல் போனவளுக்கு நேரம் இருக்குமாம். அதைச் சொன்ன வாயில் தார்ப்பாயை அடைக்கத் தோன்றியது. ஆனால் என்னோடு வந்திருந்த சுந்தரம் சார் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். செய்தேன். லாட்ஜ் அறைகள், படகு நேரம், எந்தெந்தக் கடற்கரைக்கு எந்த நாளில் கூட்டிப் போகலாம், மழைக் காலத்தில் என்ன ஏற்பாடு, எல்லாம் நானே விசாரித்து, நானே யோசித்து, படங்களாக அடுக்கினேன். செய்ததைத் தலைவர் ஒரு தடவை திறந்துகூடப் பார்க்கவில்லை. பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சென்னைக்காரர்கள் வந்தார்கள். ஒரு டஜன் பேர் இருக்கும். தலைவி ப்ரியங்கா என்று ஒரு சுறுசுறுப்பான பெண், கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றாள். வழக்கம்போல் தலைவர் சாயங்காலம்தான் கூட்டம் வைத்திருந்தார். ஆனால் ஹேவ்லாக் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர்கள் வந்த கப்பல் தாமதமாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் விமானம். ஆகவே கூட்டம் மறுநாள் காலை, பள்ளிக்கூட நேரத்தில்.

விருந்தாளிகள் வருகிற இடத்தில் தார்ப்பாய் தொங்கினால் நிவாரண முகாம் மாதிரி இருக்கும் என்று சொல்லி, தலைவரே ஆள் வைத்து எல்லாவற்றையும் அவிழ்க்கச் செய்தார். ஜன்னல் கம்பிகளில் செவ்வந்திச் சரம் கட்டினார்கள். கூட்டம் பெரிதாகத் தெரிய என் பத்தாம் வகுப்பைக் கடைசி வரிசைகளில் உட்கார வைத்தார்கள். காலை வெளிச்சத்தில் படம் தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். சத்தியமாகச் சொன்னேன். "டீச்சர், டென்ஷன் பண்ணாதீங்க" என்றார்கள். சரி என்று தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்து நடந்ததை நான் ரசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

தலைவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பென்டிரைவைச் சொருகினார். மிஷின் தலையை ஆட்டியது.

"இதுதான் நம்ம லாட்ஜ்!" என்று சுவரை நோக்கிக் கையை வீசினார்.

சுவரில் சூரியன் இருந்தது. செவ்வந்திச் சரத்தின் நிழல் இருந்தது. லாட்ஜ் இல்லை.

"எது சார்?" என்றாள் ப்ரியங்கா.

தலைவர் மிஷினைத் தட்டினார். லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தார். பிரவீன்குமாரைத் தேடினார். அவன் கதவருகே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, வராத அழைப்புக்குப் பதில் சொல்லியபடியே வெளியே போய்விட்டான். லேப்டாப் வேண்டாம் என்று வாங்கிய மிஷின், அதனால் லேப்டாப்பும் இல்லை. இருந்த படமெல்லாம் அந்தப் பென்டிரைவில், பென்டிரைவ் இருந்ததோ அந்த மிஷினில்.

"அழகா இருக்கும்" என்றார் தலைவர் அவர்களிடம். "ரொம்ப அழகா இருக்கும்."

"எத்தனை ரூம் சார்? ஃபேமிலிக்குத் தனியா இருக்கா? படகு எத்தனை மணிக்கு?"

தலைவரின் கழுத்தில் வியர்வை இறங்கியது. கட்டியவர் அவர், ஆனால் அதை எப்படி நடத்துவது என்று யோசித்தவள் நான். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கம் குனிந்தார்.

"டீச்சர், எழுந்து சொல்லுங்க. உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்."

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அரே! அப்ப என்ன பண்றது?"

"நீங்க பக்கத்துல இருக்கீங்களே, உங்களுக்குக் கேட்கும்" என்றேன் மெல்ல. "நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க."

அவருக்கு வேறு வழியில்லை. நான் சொன்னேன், அவர் சொன்னார்.

"கடலைப் பார்த்து எட்டு அறைகள்."

"கடலைப் பார்த்து எட்டு அறைகள்!" ஜல்லி எந்திரம் ஓடத் தொடங்கியது.

"பெரியவர்களுக்குப் படிக்கட்டு இல்லாமல் தரையிலேயே நான்கு."

"பெரியவங்களுக்குப் படிக்கட்டே இல்லாம, தரையிலேயே நாலு!"

ப்ரியங்கா போனில் குறித்துக்கொண்டாள். கூட்டம் நிமிர்ந்தது. தலைவருக்கும் தெம்பு வந்தது. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று முழங்கினார், கையை வேறு ஆட்டினார். மழை வந்தால் என்ன ஏற்பாடு, கடல் நோய் வந்தால் என்ன மருந்து, பிள்ளைகளுக்குச் சமையலில் காரம் குறைப்பது எப்படி, எல்லாம் அவரே கண்டுபிடித்ததைப்போல வந்தது. ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை மாதிரி, என்ன சொல்கிறோம் என்று பார்க்காமல், சொல்லி முடித்ததும் அடுத்ததற்குக் காதைச் சாய்த்தார். என் சொற்கள் அந்த ஹாலின் கடைசிச் சுவர் வரை போய் முட்டித் திரும்பின. அது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசி வரிசையில் என் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"எங்கள் தீவில் தொழில் வேறு படிப்பு வேறு இல்லை" என்றேன்.

"நம்ம தீவுல தொழில் வேற, படிப்பு வேற இல்ல!"

"இதே ஹாலில் தினமும் காலையில் இந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள்."

"இதே ஹால்ல தினமும் காலைல, அதோ, அந்தப் பிள்ளைங்க படிக்குது!" கையை நீட்டிக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த வெயிலிலும் அவர்களுக்குத் தெரிகிற மாதிரி."

"இந்த வெயில்லயும் அதுங்களுக்குத் தெரியற மாதிரி!"

"பெரிய ப்ரொஜெக்டர் ஒன்று."

"பெரிய ப்ரொஜெக்டர் ஒண்ணு!"

"காலையில், பாடம் நடக்கும்போது போட்டுப் பார்த்து."

"காலைல, பாடம் நடக்கும்போதே போட்டுப் பார்த்து!"

"இந்த மாதமே, நானே வாங்கித் தருகிறேன்."

"இந்த மாசமே, நானே வாங்கித் தரேன்!"

சொல்லிவிட்டு அடுத்ததற்காகக் காதைச் சாய்த்தார். சாய்ந்த தலை அப்படியே நின்றது. தான் சொன்னது என்ன என்பது அவருக்கு அப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது.

முதலில் கை தட்டியது சுந்தரம் சார். எழுந்து நின்று, இரண்டு கையும் முழுசாக வைத்து, தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினார். அதைப் பார்த்து என் பத்தாம் வகுப்பு தட்டியது, விசிலடித்தது, பெஞ்சைத் தட்டியது. ப்ரியங்கா எழுந்தாள். "வாவ் சார், இப்படி ஒருத்தரோடதான் நாங்க தொழில் பண்ணணும்" என்று கையைக் குலுக்கினாள். சென்னைக்காரர்கள் முதலிலிருந்தே தங்கள் போன்களில் அவரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டஜன் போன்களில், நல்ல வெளிச்சத்தில், பக்தவத்சலம் கொடுத்த வாக்கு பதிவாகியிருந்தது.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்தான். ஆனால் கை தட்டல் நிற்கவில்லை, அதற்கிடையே கோபப்பட்டு என்ன செய்வது என்று தெரியாமல் முகம் மெதுவாகச் சிரிப்புக்கு மாறியது. குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "அடுத்தது என்ன டீச்சர்?" என்றார்.

"பிள்ளைங்களை உட்காரச் சொல்லுங்க."

"உக்காருங்கடா!" என்று முழங்கினார் தலைவர். என் வகுப்பு மொத்தமும், கடைசி பெஞ்சு வரை, சட்டென்று உட்கார்ந்தது.